பூஜை முடிந்தது, டூலிங் வரவில்லை

தகடு வளைக்கும் இயந்திரம் வாங்குவது என்று முடிவானதும் நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். சித்தப்பா பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்தார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த இரண்டும்தான் காரணம்.

சித்தப்பாவுக்குத் திருச்சித் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் இருக்கிறது. தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, பெரிய கம்பெனிகளுக்கு மின்சாரப் பெட்டிகள் செய்து கொடுப்பது தொழில். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். நான் மெக்கானிக்கல் படித்து, சென்னையில் இரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையின் தரப்பரிசோதனைப் பிரிவில் இருந்துவிட்டு, ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்து அந்த ஷெட்டில் ஆறாவது ஆளாகச் சேர்ந்தேன். ஏன் திரும்பினாய் என்று கேட்பவர்களுக்காக மூன்று காரணங்கள் வைத்திருக்கிறேன். இங்கே அவை தேவையில்லை.

எங்களுக்கு அதிகமாக வேலை கொடுத்துவந்த கம்பெனி தன் பெட்டியின் டிசைனை மாற்றியது. புதிய பெட்டியின் மூலைகள் எல்லாம் துல்லியமாகத் தொண்ணூறு டிகிரி இருக்க வேண்டும். எங்களிடம் இருந்த கைப்பிடி பெண்டிங் மெஷினில் அந்தத் துல்லியம் காலையில் கிடைக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்காது. பன்னிரண்டு மாதிரிப் பெட்டிகளை அவர்கள் சொன்ன புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தேறினால் வருடம் முழுக்க வேலை. தேறாவிட்டால் இப்போது இருக்கும் வேலையும் வேறு ஷெட்டுக்குப் போய்விடும். அப்படிப் போனால் ஐந்து பேரில் மூன்று பேரை அனுப்ப வேண்டியிருக்கும் என்று சித்தப்பா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

ஆகவே ஹைட்ராலிக் இயந்திரம். ஆகவே கோயம்புத்தூர் டீலர். ஆகவே அவருடைய விற்பனைப் பிரதிநிதி.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் கறுப்பு ஷூ. இயந்திரத்தைப் பற்றி நான் கேட்டால் சித்தப்பாவைப் பார்த்துப் பதில் சொல்லுவார்.

"இது எத்தனை மில்லிமீட்டர் தகடு வரைக்கும் வளைக்கும்?" என்று நான் கேட்பேன்.

"சார், மேடத்துக்குச் சொல்லுங்க சார். மெஷின் யானை மாதிரிங்க."

"யானை எத்தனை மில்லிமீட்டர் வளைக்கும்?"

"சார், மேடம் நல்லா தமாஷ் பண்றாங்க சார்."

நான் பதினான்கு கேள்விகளை வரிசை எண் போட்டு அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பதிலுக்குப் பூங்கொத்துப் படத்தோடு ஒரு காலை வணக்கம் வந்தது. திரும்பவும் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. பதினான்கில் எந்தக் கேள்விக்கு அந்தக் கட்டைவிரல் என்று கேட்டேன். மறுநாள் காலை வேறொரு பூங்கொத்து வந்தது.

ஆனால் நேரில் வருவதில் குறை வைக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் நான்கு முறை வந்தார். ஷெட்டுக்கு வந்தது ஒரு முறைதான், அதுவும் பத்து நிமிடம். மற்ற மூன்று முறையும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு நெற்றியில் திருமண்ணோடு வந்து சேர்ந்தார். சித்தப்பாவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. இருவரும் பெருமாளின் அன்றைய புறப்பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் நான் குறுக்கிட்டு இயந்திரத்தை ஞாபகப்படுத்துவேன்.

நான்காவது முறையும் அவர் டிபன் வேண்டாம், பாலும் பழமும் போதும் என்று சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். நான்கு வருகையும் ஏகாதசி. பதினோரு ஏகாதசிக்கு ரங்கநாதரைச் சேவிப்பதாக அவருக்கு ஒரு வேண்டுதலாம். அந்தப் பயணப்படியை அவருடைய கம்பெனி கொடுப்பதற்கு நாங்கள் வாடிக்கையாளர்களாக இருப்பது வசதியாக இருந்திருக்கிறது. இதை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஒரு வழியாக ஆர்டர் போட்டோம். அதில் ஒரு வரியை நானே நின்று எழுத வைத்தேன்: "மேல் அச்சு, கீழ் அச்சு தலா ஒரு செட், இயந்திரத்தோடு." இதைத் தொழிலில் டூலிங் என்பார்கள். மேலே நீளக் கத்தி மாதிரி ஒன்று, கீழே பள்ளம் உள்ள ஒன்று. தகட்டை நடுவில் வைத்தால் மேலே இருப்பது இறங்கி அழுத்தும், தகடு வளையும். டூலிங் இல்லாவிட்டால் அந்த இயந்திரம் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சுவர், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை லாரி வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை சாயங்காலம் பிரதிநிதியிடமிருந்து முதல்முறையாகத் தகவல் உள்ள ஒரு செய்தி வந்தது. "கிரேன் உங்க ஸ்கோப். கேபிள் உங்க ஸ்கோப். ஆயில் உங்க ஸ்கோப் மேடம்." அதாவது, மூன்றும் எங்கள் பொறுப்பு. இயந்திரத்துக்கு ஒரு பீப்பாய் ஹைட்ராலிக் எண்ணெய் வேண்டும். எனவே வெள்ளிக்கிழமை காலை நான் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணெய்க் கடை திறப்பதற்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது சித்தப்பாவிடம் இரண்டே விஷயம் சொன்னேன்.

"சித்தப்பா, நான் வர்ற வரைக்கும் பெட்டி எதையும் பிரிக்காதீங்கோ. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கோ."

"ரெண்டும் பண்ண மாட்டேன், போய்ட்டு வா" என்றார்.

பீப்பாயைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. இயந்திரம் வந்திருந்தது. சித்தப்பா சொன்ன சொல் தவறவில்லை. எதையும் பிரிக்கவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. நான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் செய்திருந்தார். பூஜை.

பிளாஸ்டிக் உறையை முன்பக்கம் மட்டும் ஒதுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு கதம்ப மாலை போட்டிருந்தார். கீழ் அச்சு இருக்க வேண்டிய இடத்தில் தேங்காய் மூடி இரண்டும் வாழைப்பழச் சீப்பும் இருந்தன. புதுப் பெயிண்டில் கற்பூரம் கறுப்பாக ஒரு வட்டம் போட்டிருந்தது.

"நல்ல நேரம் பத்தரையோட முடிஞ்சுடறதே. அதுக்கப்புறம் ராகுகாலம்" என்றார் சித்தப்பா. "அவரும் கூடவே இருந்தார். நன்னா ஃபோட்டோகூட எடுத்தார்."

"அவர் எங்கே?"

"நடை சாத்தறதுக்குள்ள சேவிக்கணும்னு கிளம்பிட்டார். இன்னிக்கு ஏகாதசியோன்னோ."

நான் டெலிவரி சலானைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றி வந்தேன். ஏழு அயிட்டம் எழுதியிருந்தது. ஐந்து இருந்தன. ஆறும் ஏழும் மேல் அச்சும் கீழ் அச்சும். அவை இல்லை.

எங்கள் ஷெட்டில் வளைப்பு வேலை பார்ப்பவர் வையம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் அண்ணன். இருபது வருடமாகத் தகடு வளைக்கிறார். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார். அவரும் குனிந்து இயந்திரத்தின் உள்ளே பார்த்தார்.

"பாப்பா, வாயி இருக்கு. பல்லு இல்ல" என்றார்.

பிரதிநிதிக்குப் போன் செய்தேன். "ஆன் த வேல இருக்குங்க மேடம், வந்துருமுங்க" என்றார். எந்த வழியில் என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. சனிக்கிழமை மீட்டிங்கில் இருந்தார். திங்கட்கிழமை என் போனை எடுக்கவே இல்லை. சித்தப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்தார். ஆனால் சித்தப்பா பேசினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

"என்ன சொன்னார் சித்தப்பா?"

"அடுத்த ஏகாதசிக்குக் கட்டாயம் வந்துடறேன்னார்."

"டூலிங்?"

"அதைக் கேக்க விட்டுப்போச்சு."

டீலரின் சர்வீஸ் எண்ணுக்குப் போட்டேன். ஒரு பெண் மிகவும் அன்பாகப் பேசினார்.

"உங்க மெஷின் இன்ஸ்டலேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு சிஸ்டத்துல இருக்குதுங்க மேடம். வாழ்த்துகள்."

"இன்ஸ்டலேஷனே நடக்கலைங்க. டூலிங் வரல."

"போட்டோ அப்லோடு ஆயிருக்குதுங்களே மேடம்."

அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். சித்தப்பா கையில் கற்பூரத் தட்டோடு வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் வையம்பட்டி அண்ணன், மணி அடித்தபடி. கீழே ஆங்கிலத்தில், "இயந்திரம் நிறுவப்பட்டது. வாடிக்கையாளர் முழுத் திருப்தி." வாரண்டிக் காலமும் அன்று முதல் ஓடத் தொடங்கியிருந்தது.

தரப்பரிசோதனையில் இரண்டு வருடம் இருந்தவளுக்கு ஒரு படத்தைக் கொடுத்தால் அவள் அதை மேலிருந்து கீழாகப் பார்ப்பாள். பார்த்தேன். அதே படத்தை வைத்தே ஒரு மின்னஞ்சல் எழுதினேன்.

1. இயந்திரம் இன்னும் லாரியில் வந்த மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது.
2. மின்சாரப் பெட்டி பூட்டி, சாவி கைப்பிடியில் கட்டித் தொங்குகிறது.
3. எண்ணெய்த் தொட்டியின் வாயில் சிவப்பு மூடி சீலோடு இருக்கிறது.
4. மேல் அச்சு இருக்க வேண்டிய இடத்தில் கதம்ப மாலை இருக்கிறது.
5. கீழ் அச்சு இருக்க வேண்டிய இடத்தில் தேங்காய் இருக்கிறது.
6. வாடிக்கையாளர் திருப்தியாக இருப்பது உண்மைதான். அவர் இயந்திரத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னதால் சிரிக்கிறார்.

கால் மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பூஜை போட்டதை எப்படிம்மா லாரில ஏத்தி அனுப்பறது?" என்றார். சற்று நேரம் கழித்து, "திருப்பி அனுப்பினாலும் அந்தப் புதன்கிழமைக்குள்ள வேற வருமா?" என்றார். வராது என்று இருவருக்கும் தெரியும். அன்று அவர் வெல்டிங் வைப்பவர்களிடம் வழக்கத்தைவிட அன்பாகப் பேசினார். டீ வாங்கி வரச் சொன்னார், கூடவே வடையும். மூன்று பேரில் யார் யார் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அன்றுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

பயம் வந்தால் பட்டியல் போடுவேன். டீலர் இல்லாமலே செய்யக்கூடிய வேலைகள் என்று எழுதினேன். ஒன்பது வந்தது. சிஸ்டத்தின்படி இன்ஸ்டலேஷன் முடிந்துவிட்டதால், இயந்திரத்தைத் தொடாதே என்று எங்களிடம் சொல்லவும் ஆள் இல்லை. அண்ணனும் நானும் மரக்கட்டையை எடுத்து, ரசமட்டம் வைத்துக் கால்களைச் சமன் செய்தோம். எண்ணெய் ஊற்றினோம். எலெக்ட்ரீஷியன் வந்து கேபிள் கொடுத்தார். மோட்டார் முதலில் பின்பக்கமாகச் சுற்றியது, வயரை மாற்றிப் போட்டதும் சரியானது. பத்து நாளில் ஒன்பதும் முடிந்தது. மேல் சட்டம் அழகாக இறங்கியது, அழகாக ஏறியது. இறங்கி வெறும் காற்றை அழுத்தியது.

"மூச்சுப் பயிற்சி பண்ணுது" என்றார் அண்ணன்.

புதன்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, ஏகாதசி.

"கோயில்ல வச்சு மெஷின் பேச்சுப் பேசப்படாதும்மா" என்று சித்தப்பா தடுத்தார். அது நியாயம்தான். நான் கோயிலுக்குள் போகவில்லை. ரங்கா ரங்கா கோபுரத்தின் வெளியே, செருப்பு விடும் இடத்தில் கோப்போடு போய் நின்றுகொண்டேன். போனை எடுக்காமல் இருக்கலாம். செருப்பை எடுக்காமல் யாரும் ஊருக்குப் போக முடியாது. வரிசையில் அந்தக் கறுப்பு ஷூ இருப்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். நெற்றியில் திருமண், கையில் துளசி. என்னைப் பார்த்ததும் துளசியை வாயில் போட்டுக்கொண்டார், பேச முடியாது என்பதுபோல. நான் மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"மேடம், நீங்களும் சேவிக்க வந்தீங்களா?"

"டூலிங் எங்க இருக்கு?"

"ஆன் த வேல..."

"இன்னைக்கு உங்களுக்கு விரதம்தானே?"

"ஆமாங்க மேடம். தண்ணிகூடக் குடிக்கல."

"இப்பதான் பெருமாளைச் சேவிச்சுட்டு வந்திருக்கீங்க. இன்னைக்கு ஒரு நாளாவது நடந்ததைச் சொல்லுங்க."

அவர் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஷூவைப் பார்த்தார். டோக்கன் வாங்கும் அம்மா, "தம்பி, எடுக்குறதுன்னா எடு, ஓரமா நின்னு பேசு" என்றார். ஓரமாக நின்று சொன்னார்.

"கரூர்ல இருக்குங்க மேடம். உங்க செட்டை அங்க ஒரு பார்ட்டிக்குக் குடுத்துட்டோம். அவங்களது லேட்டாயிருச்சு. இப்ப அவங்களுக்கும் வந்துருச்சுங்க. உங்களது அங்க சும்மாதான் கெடக்குது. அனுப்பணும்னுதான் இருந்தேனுங்க."

"எங்களுடையதை ஏன் அவங்களுக்குக் குடுத்தீங்க?"

"அவரு போன்ல கத்துனாருங்க. ஆபீஸுக்கே வந்து டேபிளைத் தட்டிக் கத்துனாரு. நீங்க கத்தலைங்க மேடம்." கொஞ்சம் தயங்கி, "நீங்க லிஸ்ட் அனுப்புனீங்க" என்றார்.

அதில் கேலி இல்லை. அவர் வேலை செய்யும் முறையை அப்படியே சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு அவருக்கு நாற்பது போன் வருகிறதாம். அதிகமாகக் கத்துபவரின் சரக்கு முதலில் போகும். வரிசை எண் போட்டு எழுதுபவர்கள் அவசரமில்லாதவர்கள். சென்னையில் இரண்டு வருடமும் நான் குரலை உயர்த்தாமல் வேலை பார்த்தேன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். எங்கள் டூலிங் கரூருக்குப் போனதில் அந்தப் பெருமைக்கும் பங்கு இருக்கிறது.

"நாளைக்கு அனுப்பிடறேனுங்க" என்றார்.

"இன்னைக்குப் போய் எடுத்துட்டு வந்துடலாம்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. கோப்புக்குள் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது, எண்ணெய்ப் பீப்பாய் ஏற்றி வந்த குட்டி யானைக்காரருடையது.

அரை மணியில் வண்டி வந்தது. டிரைவர், நடுவில் விற்பனைப் பிரதிநிதி, கதவோரம் வையம்பட்டி அண்ணன். அண்ணனைக் கதவோரம் உட்காரச் சொன்னது நான்தான். கரூர் பார்ட்டியிடம் காட்ட ஆர்டர் நகல் ஒன்றையும் அண்ணனிடம் கொடுத்தேன். நான் ஷெட்டுக்குப் போய்க் காத்திருந்தேன். பழகிய இத்தனை நாளில் முதல்முறையாகப் பிரதிநிதியிடமிருந்து வரிசையாகத் தகவல்கள் வரத் தொடங்கின. "குளித்தலை தாண்டியாச்சு மேடம்." "கரூர் வந்தாச்சு மேடம்." "ஏத்தியாச்சு மேடம்." ஒன்றில்கூடப் பூங்கொத்து இல்லை.

நடுவில் அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, இந்த ஆளு மயங்கிருவாரு போல. பட்டினியா வந்து இரும்பத் தூக்குறாரு. ரெண்டு வாழப்பழம் வாங்கிக் குடுத்துருக்கேன். விரதத்துக்கு ஆகும்ல?"

"ஆகும் அண்ணே. பாலும் வாங்கிக் குடுங்க."

மாலை ஐந்து மணிக்கு வண்டி வந்து நின்றது. பிரதிநிதியின் மடிப்புக் கலையாத சட்டையில் கிரீஸ். அவரே ஒரு முனையைப் பிடித்து இறக்கினார். நான் சலானை நீட்டினேன். ஆறு, ஏழு இரண்டுக்கும் நேராக அவரே டிக் அடித்தார். பிறகு முதல்முறையாக இயந்திரத்தைப் பற்றி என்னைப் பார்த்துப் பேசினார்.

"மேடம், இது மூணு மில்லிமீட்டர் வரைக்கும் வளைக்குமுங்க. அதுக்கு மேல போட்டா அச்சு அடிபட்டுரும்."

அது என் முதல் கேள்வி. இரண்டு மாதம் கழித்துப் பதில்.

ஞாயிற்றுக்கிழமை அச்சுகளை மாட்டினோம். முதல் தகடு தொண்ணூற்று மூன்று டிகிரி. தகடு அழுத்தம் விலகியதும் கொஞ்சம் திரும்பி விரியும், அதற்கு ஈடுகட்டி அதிகமாக அழுத்த வேண்டும். எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் பெடலில் காலை வைத்து, பார்வையாலேயே இன்னும் ஒரு மயிரிழை இறக்கினார். தொண்ணூறரை. என் கணக்கைச் சேர்த்துக்கொண்டு அடுத்தது. தொண்ணூறு. நான்கு தகடு வீணானது, ஐந்தாவதிலிருந்து நின்றது. செவ்வாய் மதியம் பன்னிரண்டு பெட்டிகளும் பெயிண்ட் காய்ந்து வரிசையாக நின்றன.

புதன்கிழமை சித்தப்பாவும் நானும் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனோம். அங்கே பரிசோதனை அதிகாரி ஒவ்வொரு பெட்டியாக மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். எட்டாவது பெட்டியின் மூன்றாவது மூலையில் இரண்டு முறை வைத்துப் பார்த்தார். சித்தப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் சுவரில் இருந்த பாதுகாப்பு விதிகளைப் படித்தேன். பதினொன்று இருந்தன, ஏழாவதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

பன்னிரண்டாவதை வைத்துவிட்டு அவர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

"பன்னெண்டும் ஓகே. அடுத்த லாட் அறுபது. எப்ப தருவீங்க?"

சித்தப்பா வாயைத் திறந்தார். வழக்கமாக அவர் யோசிக்காமல் ஒரு தேதி சொல்லிவிடுவார். இந்த முறை என் பக்கம் திரும்பினார். நான் சொன்ன தேதியை அதிகாரி குறித்துக்கொண்டார். சித்தப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார், வந்ததிலிருந்து முதல்முறையாக.

"புது மெஷினா?" என்று கேட்டார் அதிகாரி. "எங்க இன்னொரு வெண்டர் ஒண்ணு வாங்கணும்னு சொல்லிட்டிருக்கார். டீலர் எப்படி?"

"மெஷின் ரொம்ப நல்ல மெஷின் சார்" என்றேன்.

"நான் டீலரைக் கேட்டேன்."

"அதுக்கு ஒரு பேப்பர் வேணும் சார்."

அவர் சிரிக்காமல் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன் வைத்து, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார். சித்தப்பா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "சுருக்கமா எழுதும்மா" என்றார். நான்காவது பாயிண்ட் வரும்போது, "அவர் கடைசியில அச்சைத் தூக்கினாரோன்னோ, அதையும் சேத்துக்கோ" என்றார். சேர்த்துக்கொண்டேன்.